கம்பி இல்லாத சுற்று

பானெட்டைத் திறந்துவைத்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும் ஆண்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தலையெழுத்து, தினமும் அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டுதான் தைக்க வேண்டியிருக்கிறது. கார் சீட்டுகளுக்கு உறை தைப்பது என் பிழைப்பு. பக்கத்துப் பட்டறைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் சுத்தியல் விழுந்தால் இந்தப் பக்கம் என் தையல் கோணும்.

பட்டறைக்காரருக்குத் தெருவே வைத்த பெயர் கம்பிக்காரர். வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்குகிற கார்களுக்குக் கம்பி போட்டுக் கொடுப்பார். முன்சக்கரங்களுக்கு மேலே, பானெட்டுக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாகத் தகட்டில் ஒரு மேடு இருக்கும். டவர் என்பார்கள். சக்கரம் குழியில் இறங்கினால் அந்த அடி போய்ச் சேர்கிற இடம் அது. இந்த டவரையும் அந்த டவரையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கம்பியைப் போட்டு முடுக்கிவிட்டால், வளைவில் திரும்பும்போது காரின் உடம்பு முறுக்கிக்கொள்ளாதாம். ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்குமாம். நான் இப்படி இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

போன வருஷம் ஒரு பல் டாக்டர் வந்தார். புதுக் கார், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சீட். கம்பி போட்டுக்கொண்டு போனவர், ஒரு வாரம் கழித்து இனிப்புப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"வண்டியே மாறிப்போச்சுங்க. வளைவுல அப்படியே ஒட்டிக்கிட்டுப் போகுது. கடகடன்னு ஒரு சத்தம் வேற வருது. ரேஸ் கார்ல எல்லாம் இப்படித்தான் வருமாமே!"

கம்பிக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்தார். கம்பியின் இரண்டு முனையிலும் போல்ட்டை விரலால் திருகிவிட்டதோடு சரி, ஸ்பேனர் போட்டு முடுக்க மறந்துபோயிருக்கிறார். கம்பி ஒரு வாரமாக அங்கே ஊஞ்சலாடிக்கொண்டிருந்திருக்கிறது. "ஒரு சின்ன டியூனிங் பாக்கி இருந்துச்சு சார்" என்று சொல்லி முடுக்கி அனுப்பினார். மறுநாள் டாக்டர் ஃபோன் செய்து, இப்போது இன்னும் பிரமாதம், ஆனால் அந்த ரேஸ் சத்தம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டாராம். இந்த ஆள்தான் மனுஷர் வாய்க்குள் ஊசி போடுகிறார் என்று நினைத்த மாத்திரத்தில் எனக்கு இருந்த பல்வலி நின்றுபோயிற்று.

பட்டறைக்கு மேலேயே வீடு. இரும்புப் படியேறினால் இரண்டு அறை. கீழே வெல்டிங் வைத்தால் மேலே சோற்றுப் பானைவரை புகை வாசம் போகும். கம்பிக்குப் பெயிண்ட் அடிப்பது கம்பிக்காரரின் மனைவி. உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, கொல்லைப்பக்கம் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்ப்ரே அடிப்பாள். செக்கச்சிவப்பு. "சிவப்பா இல்லாட்டி ஒருத்தனும் வாங்க மாட்டான்க்கா. அவனுங்களுக்கு பானெட்டைத் திறந்தா தெரியணும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் நகக்கண்ணிலிருந்து அந்தச் சிவப்பு போய் நான் பார்த்ததே இல்லை.

அவளுடைய தம்பியும் அவர்களோடுதான் இருந்தான். தாய் போனபோது அவன் பால்பல் விழாத பிள்ளை. கல்யாணமாகி வரும்போது ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் ஒரு கையில் அவனுமாகத்தான் அவள் வந்து இறங்கினாள். "இவன் இருக்கிற இடத்துலதான் நான் இருப்பேன்" என்று கம்பிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாளாம். அவரும் முகம் சுளிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பையனுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது, பிறகு கார் கற்றுக்கொடுத்தது எல்லாம் அவர்தான். இப்போது பையன் வளர்ந்து மீசையும் வைத்துவிட்டான். ஆனாலும் அத்தான் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான். என்னைச் சீட்டக்கா என்று கூப்பிட்டு வம்பிழுப்பான். அத்தானிடம் மட்டும் வம்பே கிடையாது, பக்திதான்.

கம்பிக்காரரிடம் ஒரு நீலக் கார் உண்டு. இரண்டு கதவு, தரையோடு தரையாக இருக்கும். எங்கேயோ அடிபட்டுக் கிடந்ததை இழுத்துவந்து தேற்றியது. அதை வைத்துத்தான் வியாபாரமே. மூடிப்போன தொழிற்சாலையின் லாரி மைதானம் ஒன்று ஊருக்கு வெளியே காலியாகக் கிடக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்களை வரச்சொல்லி, பிளாஸ்டிக் கூம்புகளை வளைத்து வளைத்து அடுக்கி வைப்பார். முதலில் கம்பி இல்லாமல் ஒரு சுற்று. அப்புறம் அவர்கள் கண்முன்னாலேயே கம்பியை மாட்டி இன்னொரு சுற்று. வந்தவன் ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். முதல் சுற்றில் கார் குடித்தவன் மாதிரி தள்ளாடும். கம்பியை மாட்டியதும் புத்தி தெளிந்துவிடும். இறங்கி வருகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தெய்வத்தைக் கண்டவன் மாதிரி இருக்கும். உடனே தன் வண்டிக்கும் சொல்லிவிடுவான்.

ஆரம்பத்தில் இரண்டு சுற்றையும் கம்பிக்காரரே ஓட்டினார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் முதல் சுற்று முடித்து இறங்கியவர் முகம் வெளுத்திருந்தது. வயிற்றுவலி என்று போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது மணிக்கட்டு வலியாக மாறியது. அன்றிலிருந்து ஓட்டுவது மச்சினன்தான்.

நான் சொல்ல வந்தது இந்த வெயில் காலத்தில் நடந்தது. கம்பிக்காரர் பைப் வாங்கப் போயிருந்த நேரம். தகரத்தைத் தட்டி அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த வளைஞ்ச ஊசியை எடுத்துக்கிட்டு இப்படிக் கொஞ்சம் வாங்களேன்."

"எதுக்குடி? காருக்கு மூக்கு குத்தப் போறியா?"

"வாங்க, சொல்றேன்."

போனேன். பட்டறைக்குள் அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. நீலக் காரின் பானெட் திறந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு கார் கிளப்பே வருகிறது, அதனால் உள்ளே எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று அவள் டவருக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இடத்துல முதல்ல ஒரு தடவை அடிச்சேன்க்கா. தம்பி ஒரு சுத்து போயிட்டு வந்தான். பெயிண்ட் கோடா வெடிச்சிருந்துச்சு. தேய்ச்சுட்டு மறுபடியும் அடிச்சேன். இன்னிக்குக் கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டு வந்தான். அதே இடம், அதே கோடு."

"பெயிண்ட் மட்டமா இருக்கும்."

"என் பெயிண்டையா சொல்றீங்க?" முறைத்தாள். "ஊசியை விட்டுப் பாருங்க."

வலது டவரின் அடியில், தகடும் தகடும் சேர்கிற இடத்தில், தலைமுடி கிடக்கிற மாதிரி ஒரு கோடு. என் ஊசி சீட் மூலைகளைத் தைப்பதற்கென்று பிறையாக வளைந்தது. முனையை வைத்து அழுத்தினேன். முட்டி நிற்கும் என்றுதான் நினைத்தேன். பாதி ஊசி உள்ளே போய்விட்டது.

"இது கோடு இல்லடி. கிழிசல்."

அவள் நிமிர்ந்தாள். மேலே பார்த்து, "டேய், கீழ வா" என்று கத்தினாள். தம்பி வாயில் ரொட்டியோடு இறங்கி வந்தான்.

"அந்தக் கம்பியைக் கழட்டு."

"எதுக்குக்கா?"

"கழட்டுன்னா கழட்டேன்."

கழற்றினான். முன்பக்க மூலையில் கையை வைத்து வண்டியை அமுக்கி அமுக்கி ஆட்டச் சொன்னாள். ஆட்டினான். அந்தக் கோடு வாயைத் திறந்து மூடிற்று. என் கண்முன்னாலேயே ஊசி நழுவி உள்ளே விழுந்துவிட்டது. கம்பியை மறுபடி மாட்டி முடுக்கிவிட்டு ஆட்டச் சொன்னாள். கோடு அசையவில்லை.

"ஓ, அதானா!" என்றான் தம்பி. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வேறு அவன் முகத்தில். "கம்பியைக் கழட்டினா இந்த வண்டி மட்டும் பேய் புடிச்ச மாதிரி ஆடுதேன்னு நினைப்பேன்."

"இந்த வண்டி மட்டும்னா? மத்த வண்டி?"

அவன் தலையைச் சொறிந்தான். "அத்தான்கிட்ட சொல்லிடாதீங்க சீட்டக்கா. வர்றவங்க வண்டியை எல்லாம் நான்தானே ஓட்டிப் பார்த்துக் கொடுக்கிறேன். போட்டாலும் அதே மாதிரிதான் இருக்கு, போடாட்டியும் அதே மாதிரிதான் இருக்கு. எனக்குத்தான் இன்னும் பக்குவம் வரலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தாள். கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்போ நல்ல வண்டிக்கு இது வேண்டியதே இல்லையாக்கா? கிழிஞ்ச வண்டிக்குத்தான் வேணுமா?"

"கிழிஞ்ச வண்டிக்கு வெல்டிங் வேணும்டி" என்றேன்.

வெல்டிங் மெஷின் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. அதன் மேல் கம்பிக்காரரின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது என்னையும் கூடவே இருக்கச் சொன்னாள். எனக்குப் பிறத்தியார் சண்டையில் உட்காரப் பிடிக்காது என்று சொல்லலாம்தான், ஆனால் அது பொய். போய் உட்கார்ந்தேன். சோறு, முட்டைப் பொரியல், தண்ணியாய் ஒரு ரசம். ஃபேன் புழுக்கத்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நீலக் கார்ல டவர் கிட்ட கிழிஞ்சிருக்கு."

"கிழியறதுக்கு அது என்ன வேட்டியா?" அவர் நிமிரவில்லை. "சீலர் வெடிச்சிருக்கும். தகடு சேர்ற இடத்துல பசை மாதிரி ஒண்ணு தடவியிருப்பாங்க. வெயிலுக்கு வெடிக்கும்."

"ஊசி உள்ள போச்சுங்க."

"ஊசி எங்கதான் போகாது?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பசைக்குப் பின்னாடி தகடு இருக்கணுமே? என் ஊசி என்ன தகட்டைக் குடைஞ்சுக்கிட்டா போச்சு?"

"நீங்க சீட்டைப் பாருங்கக்கா. உக்கார்ற சமாசாரம் வேற, ஓட்டற சமாசாரம் வேற."

இந்தத் தெருவில் என்னிடம் அப்படிப் பேசிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டவர் அவர் ஒருத்தர்தான்.

"இருக்கட்டுங்க, எதுவா இருந்தாலும் இருக்கட்டும்" என்றாள் அவள். "மெஷின் கீழதானே இருக்கு. சாயங்காலம் ஒரு வெல்டிங் வெச்சுடுங்க. நான் ராத்திரிக்குள்ள பெயிண்ட் அடிச்சுடறேன்."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

"ஏன் அதுவரைக்கும்?"

"கிளப்பே வருது, இந்த நேரத்துல வண்டியைப் பிரிச்சுப் போடச் சொல்றியா?"

"அரை நாள் வேலைதானே?"

"பெயிண்ட் அடிக்கிறவங்களுக்கு எல்லாமே அரை நாள் வேலைதான்."

அவள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "வெல்டிங் வெச்சா கம்பி இல்லாத சுத்தும் நல்லாவே ஓடிடும். அதுக்குத்தானே யோசிக்கிறீங்க?"

பிசைந்துகொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. அப்புறம் மறுபடி பிசைந்தது. "கம்பி போட்டா நிக்குதுல்ல? அதுக்குத்தான் கம்பி. அதைத்தானே நான் ஊரெல்லாம் சொல்றேன்."

"கழட்டிட்டு ஓட்டறவன் என் தம்பிங்க."

"அவனுக்கு ஓட்டத் தெரியும். கத்துக்கொடுத்தவன் நான்."

கை கழுவிக்கொண்டு எழுந்துபோனார். கிழிசல் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கவும் இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போய்ச் சாய்ந்தார்.

கொல்லைக் குழாயில் அவள் தட்டு கழுவினாள். நான் கூட நின்றேன். தொங்கவிட்டிருந்த கம்பிகள் காற்றில்லாமல் அசையாமல் தொங்கின.

"உன் வீட்டுக்காரர் முட்டாளா, இல்ல அயோக்கியரா? ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும்" என்றேன்.

"அவருக்குத் தெரியாதுக்கா."

"நீதான் சொல்லிட்டியே."

"சொன்னா? அவர் மனசுல ஏறலை. கம்பி மேல அவ்வளவு நம்பிக்கை. நல்லது கெட்டது எல்லாத்தையும் அது தாங்கும்னு நினைக்கிறார். பாவம், ஏமாந்திருக்கார், அவ்வளவுதான்."

"தெரிஞ்சே பண்றார்னா?"

அவள் தட்டை நிறுத்தாமல் தேய்த்தாள். ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட தட்டு.

"தெரிஞ்சா அவனை உக்கார வைக்க மாட்டார். தோள்ல தூக்கி வளர்த்தவர்க்கா. அவனுக்கு ஜுரம் வந்தா இவர்தான் முழிச்சுக்கிட்டு உக்கார்ந்திருப்பார்."

"தம்பிகிட்ட ஓட்டாதேன்னு சொல்லு."

"சொன்னேன். அத்தான் பார்த்துட்டுச் சொன்னா சரியாத்தான் இருக்கும்கிறான். அத்தான் எங்கடா பார்த்தார்னா, அவர் பார்க்காமலே சொல்லிடுவார்ங்கிறான்." தட்டைக் கவிழ்த்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க. உங்க வேனை எடுத்துக்கிட்டு வாங்க."

"எதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சுக்கணும்க்கா. வேற ஒண்ணும் வேண்டாம். அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மேகம் மூடியிருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, கழுத்தில் வியர்வை மட்டும் வழிந்தது. லாரி மைதானத்தின் கான்கிரீட் இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. கிளப்காரர்கள் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோற்றுப்போவார்கள். மேகமூட்டத்திலும் எல்லார் தலையிலும் கறுப்புக் கண்ணாடி. ஒருத்தன் பானெட்டைத் திறக்க, மற்றவர்கள் தலையை உள்ளே விட, அப்புறம் இன்னொருத்தன் பானெட், மறுபடி எல்லாத் தலையும் அங்கே. பல் டாக்டரும் வந்திருந்தார். நான் கொண்டுபோன ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவரே எடுத்துக் குடித்தார், கேட்கக்கூட இல்லை.

கிளப்பில் ஒருத்தன் அவள் நகத்துச் சிவப்பைப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் நீங்கதானா மேடம்? அப்போ வீட்டுக்கு நீங்கதான் கம்பின்னு சொல்லுங்க" என்று இளித்தான். இப்படிப் பேசுகிறவர்களுக்கு ஏதோ கவிதை சொல்லிவிட்டதாக நினைப்பு. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. நீலக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பிக்காரர் எல்லாரும் பார்க்கக் கம்பியைக் கழற்றினார். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"இப்போ கம்பி இல்லாம ஒரு சுத்து. அப்புறம் இதைப் போட்டு ஒரு சுத்து. நான் எதுவும் சொல்ல மாட்டேன் சார். வண்டி சொல்லும்."

தம்பி குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அவள் முன்னால் போனாள்.

"என்னங்க, முதல் சுத்து நீங்க ஓட்டுங்களேன்."

அவர் சிரித்தார். "மாப்ளைதானே எப்பவும் ஓட்டுவான்."

"இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. நீங்க ஓட்டிப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! ஆசையா இருக்கு."

கிளப்காரர்கள் கைதட்டினார்கள். "மேடம் ஆசைப்படறாங்க, ஓட்டுங்க சார்!"

"மணிக்கட்டு வலி. உனக்குத் தெரியாதா?"

"அப்போ மெதுவா ஓட்டுங்க."

"மெதுவா ஓட்டினா வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"தெரியாட்டிப் போகுது. கம்பியோட சுத்தை தம்பி வேகமா ஓட்டட்டும். கம்பி இல்லாத சுத்து மட்டும் நீங்க."

"சரி, சரி. ஓட்டறேன்." கம்பியோடு காரை நோக்கிக் குனிந்தார். "கம்பியோடவே ஆரம்பிச்சுடலாம். இவங்களுக்கும் நேரமாச்சு."

அவள் ஸ்பேனர் மேல் கையை வைத்தாள். "கழட்டினது கழட்டினதாவே இருக்கட்டும்ங்க."

அப்போதுதான் நான் பார்த்தேன். அவர் கண் தன்னால் அந்த இடத்துக்குப் போயிற்று. வலது டவர், அடியில், தகடும் தகடும் சேர்கிற இடம். எந்தப் பக்கம் என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. மைதானத்துக்கு வந்ததும் அவள் இன்னொரு தடவை அடித்திருந்த புதுப் பெயிண்டுக்குக் கீழே கோடு கண்ணுக்குத் தெரியவும் இல்லை. ஆனாலும் வீட்டில் வைத்த பொருளைத் தேடாமல் எடுக்கிறவன் மாதிரி அவர் கண் நேராக அங்கே போய் நின்றது. அவளும் பார்த்துவிட்டாள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை இறங்கி அவர் மூக்கு நுனியில் நின்றது, அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கைதட்டல் ஓய்ந்துவிட்டது. சிலர் செருமினார்கள். அத்தான் நாலு பேர் முன்னால் முழிப்பதைத் தம்பியால் தாங்க முடியவில்லை.

"விடுக்கா, அத்தானுக்குக் கை வலின்னுதானே சொல்றார். நான் ஓட்டறேன்" என்று கையை நீட்டினான்.

கம்பிக்காரர் சாவியை அந்தக் கையில் வைத்தார்.

எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. யோசித்து வைக்கவில்லை, தயங்கி வைக்கவில்லை. அப்பாடா என்று வைத்தார். முகத்தில் அந்த நிம்மதி தெரிந்தது. தான் உட்காரப் பயந்த இடத்தில், தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையை உட்காரவைக்க, பெண்டாட்டி பார்க்கப் பார்க்கச் சாவியை நீட்டினார்.

அவள் தம்பியின் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் அவரிடம். அவ்வளவுதான். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. ஏதோ ஒரு விஷயம் முடிவானதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். தம்பி மறுபக்கக் கதவைத் திறக்கப் போனான்.

"ஏறாதே. பின்னாடியே நடந்து வா."

"மெதுவாத்தானேக்கா போகப் போறே?"

"ஏறாதேன்னு சொன்னேன்."

கார் நடை வேகத்தில் நகர்ந்தது. கான்கிரீட் இடுக்கில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கதவுக் கீல் அழுகிற மாதிரி. அத்தனை தலைகளும் முதல்முறையாகப் பானெட்டை விட்டு நிமிர்ந்து அதைக் கேட்டன. அவள் ஒரு கூம்பையும் தட்டாமல் வளைந்து வளைந்து வாசலைத் தாண்டிப் போனாள். தம்பி பின்னால் நடந்தான். முதலில் திரும்பித் திரும்பி அத்தானைப் பார்த்தான். பாதி தூரம் போனதும் அந்தச் சத்தம் அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் திரும்பவில்லை.

பல் டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ என் வண்டிக்குப் போட்டது?"

"உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றார் கம்பிக்காரர். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

கிளப்காரர்கள் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போகிறபோது ஒருத்தன் இன்னொருத்தனிடம், இரண்டு கம்பியாகப் போட்டால் இந்தப் பிரச்சினை வராது என்று விளக்கிக்கொண்டு போனான். கூம்புகளும் அவரும் நானும் மிஞ்சினோம். சிவப்புக் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் வேன் பக்கம் வந்தார்.

"அக்கா, வண்டியில இடம் இருக்கா?"

"கம்பிக்கு இருக்கு" என்றேன். "உங்களுக்கு இல்ல."

நிஜமாகவே கம்பியை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். நின்றுகொண்டே இருந்தார்.

சாயங்காலம் அவள் இரும்புப் படியிறங்கி என் கடைக்கு வந்தாள். ஒரு கையில் அதே டிரங்குப் பெட்டி. இன்னொரு கையில் தம்பியின் மணிக்கட்டு. அவன் இப்போது அவளைவிட ஒரு சாண் உயரம். ஆனாலும் பிடித்துத்தான் கூட்டிவந்தாள். "பின் ரூம் காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். ரெக்சின் சுருள்களை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தேன்.

நீலக் காருக்கு அடுத்த தெருப் பட்டறையில் வெல்டிங் வைத்தாயிற்று. தகட்டைத் திறந்தபோது கிடைத்ததென்று தம்பி என் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தான். வண்டி இப்போது கம்பி இல்லாமலே ஒழுங்காகத் திரும்புகிறது. அதில்தான் அவன் வேறொரு பட்டறைக்கு வேலைக்குப் போய்வருகிறான். சிவப்புக் கம்பியை நான் சுவரில் அடித்து அதில் ரெக்சின் சுருள்களை மாட்டியிருக்கிறேன். எத்தனை பாரம் போட்டாலும் வளையவில்லை. அந்த மனுஷன் செய்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

அவள் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். நகக்கண்ணில் சிவப்பு மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் வியாபாரம் நின்றுவிடவில்லை. உலகத்தில் பல் டாக்டர்களுக்கா பஞ்சம்? ஆனால் கம்பிகள் பெயிண்ட் இல்லாமல் துருப்பிடித்துக் கிடக்கின்றன. முந்தாநாள் தகரத் தடுப்பை யாரோ மெல்லத் தட்டினார்கள். நாங்கள் இருவரும் மெஷினை நிறுத்தினோம்.

"ஏம்மா..." அவர் குரல்தான். பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. "நாலஞ்சு கம்பி அப்படியே கிடக்கு. நாளைக்கு ஆள் வருது. பெயிண்ட் அடிக்காம எப்படி அனுப்பறது?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மெஷின் சக்கரத்தில் கையை வைத்தாள்.

"சும்மா அனுப்புங்க" என்றாள். "ஒண்ணும் ஆகாது."